விஸ்வேஸ்வரையா திரும்பி வந்தாலும் தீராது

செப்டம்பர் 15, பொறியாளர் தினம் வந்தால் மைசூரில் விஸ்வேஸ்வரையாவுக்கு மாலை விழும், பொறியியல் கல்லூரிகளில் விழா நடக்கும். மேடையேறுகிறவர் அமைச்சரோ, துணைவேந்தரோ, மென்பொருள் நிறுவனத்தின் பெரிய அதிகாரியோ, யாராக இருந்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். நாட்டின் பிரச்சினைகளைத் தீர்க்கிற ஆற்றல் பொறியாளர்களிடம் இருக்கிறது. அவர்களை வேலை செய்ய விடாமல் தடுப்பது அரசியல். இவரைப் போல இன்னும் பத்துப் பேர் கிடைத்திருந்தால் இந்தியா எங்கேயோ போயிருக்கும். கைதட்டல்.

இது மைசூர்க்காரர்களின் தனிச்சொத்து என்று நாம் நழுவ முடியாது. முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்குத் தேனிப் பக்கம் பொங்கல் வைக்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றி மறவாத மண் அது. ஆனால் அந்த நன்றியோடு ஒட்டிக்கொண்டு வேறொரு நினைப்பும் உள்ளே நுழைந்துவிடுகிறது. காவிரிச் சண்டையா, நதிகளை இணைத்தால் போச்சு. குப்பையா, ஓர் ஆலை போடு. சாக்கடைக்குள் ஆள் சாகிறானா, ஒரு ரோபோ வாங்கு. ‘நிபுணர்களிடம் விட்டுவிடுங்கள்’ என்ற வாக்கியம் டீக்கடையிலும் கேட்கிறது, திட்டக் கூட்டங்களிலும் கேட்கிறது.

இந்த நினைப்பு தவறு. அதற்கு எதிராக நான் அழைக்கிற முதல் சாட்சி விஸ்வேஸ்வரையா கட்டிய அணையேதான்.

மனிதர் பெரிய பொறியாளர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1903இல் புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் வெள்ளம் ஏறினால் தானே திறந்து, வடிந்தால் தானே மூடிக்கொள்ளும் மதகுகளைப் பொருத்தியவர். 1908இல் மூசி ஆறு ஐதராபாத்தைச் சூறையாடிய பிறகு அந்த நகரத்துக்கு வெள்ளத் தடுப்புத் திட்டம் வகுத்துத் தந்தவர். 1909இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர், 1912இல் திவான். கிருஷ்ணராஜ சாகர் அணையைச் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் பொடியும் கலந்த சாந்தில் எழுப்பினார்கள். கிட்டத்தட்ட நூறாண்டாக அது தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. கேழ்வரகு விளைந்த மண்டியா கரும்பும் நெல்லுமாக மாறியது அந்தத் தண்ணீரால்தான். ஒவ்வொரு பருவமழைக்கும் 124.80 அடி என்ற முழுக்கொள்ளளவு மட்டம் வந்துவிட்டதா என்று இரண்டு மாநிலங்கள் செய்தித்தாளைப் புரட்டுகின்றனவே, அந்த எண் ஒரு பொறியாளரின் மேசையில் பிறந்தது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் என் கேள்வி தொடங்குகிறது. எந்தப் பிரச்சினை தீர்ந்தது?

1892ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மைசூர் சமஸ்தானம் காவிரியில் புதிய நீர்த்தேக்கம் கட்டுவதென்றால் சென்னை மாகாணத்தின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். விஸ்வேஸ்வரையா கேட்ட பெரிய அணைக்குச் சென்னை சம்மதிக்கவில்லை. ஏறத்தாழ 11 டிஎம்சி பிடிக்கும் சின்ன அணைக்குத்தான் அப்போதைக்கு வழி கிடைத்தது. 1911இல் வேலை தொடங்கியபோது மைசூர் போட்ட அஸ்திவாரமோ பெரிய அணையைத் தாங்கக்கூடியது. இதை ‘தொலைநோக்கு’ என்று அங்கே பாராட்டுவார்கள். தஞ்சாவூரில் உட்கார்ந்து பார்த்தால் அதற்கு வேறு பெயர் தோன்றும். எப்படிப் பார்த்தாலும் அது பொறியியல் முடிவு இல்லை, பச்சையான அரசியல் முடிவு.

பிறகு நடந்ததை விழா மேடைகளில் யாரும் சொல்வதில்லை. வழக்கு நடுவரிடம் போனது. 1914இல் கிரிஃபின் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக வந்தது, 1916இல் இந்திய அரசு அதை ஏற்றது. சென்னை விடவில்லை, லண்டன்வரை கொண்டுபோனது. பேசிப் பேசி 1924 பிப்ரவரி 18 அன்றுதான் ஒப்பந்தம் கையெழுத்தானது: கிருஷ்ணராஜ சாகரில் மைசூருக்கு 44.8 டிஎம்சி, மேட்டூரில் சென்னைக்கு 93.5 டிஎம்சி. விஸ்வேஸ்வரையா திவான் பதவியை விட்டு ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அணை முழுமையடைந்தது 1930களின் தொடக்கத்தில். இந்தச் சச்சரவு முழுவதிலும் இரண்டு பக்கமும் பொறியாளர்கள் இருந்தார்கள். மைசூர்ப் பக்கம் அவர் என்றால் சென்னைப் பக்கம் மேட்டூர்த் திட்டத்தை வரைந்த கர்னல் எல்லிஸ். இருவரும் படித்தது ஒரே பாடப் புத்தகம்தான், இருவர் கணக்கிலும் பிழை கிடையாது. ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்பதை அவர்களால் சொல்ல முடிந்தது. அதில் யாருக்கு எவ்வளவு என்பதை வக்கீல்களும் திவான்களும் ஆளுநர்களும் பதின்மூன்று ஆண்டு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

அணைக்குள் மூழ்கிய கண்ணம்பாடி கிராமத்தையும் மறந்துவிட வேண்டாம். கன்னடத்தில் இன்றும் ‘கண்ணம்பாடி கட்டெ’ என்றுதான் அந்த அணையைச் சொல்கிறார்கள். ஊர் போய்விட்டது, பெயர் அணைக்கு வந்துவிட்டது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சமஸ்தானத்தில், மூழ்கப்போகும் கிராமத்தாரின் சம்மதம் இல்லாமல் திட்டம் நிற்கும் என்ற நிலை கிடையாது. ‘அந்தக் காலத்தில் எவ்வளவு சீக்கிரம் முடித்தார்கள் பாருங்கள்’ என்று வியக்கிறவர்கள், அந்தச் சீக்கிரத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்றும் கேட்கலாம்.

கால்வாய் போன இடத்துக்கெல்லாம் மலேரியாவும் போனது. மண்டியாவின் இர்வின் கால்வாய்ப் பகுதியிலும் அதே கதை, மேட்டூர்த் தண்ணீரைப் புதிதாகப் பெற்ற பட்டுக்கோட்டைப் பகுதியிலும் அதே கதை. 1930களின் பிற்பாதியில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர்கள் பட்டுக்கோட்டையில் கூடாரம் போட்டுக் கொசு எங்கே முட்டையிடுகிறது என்று தேடினார்கள். மண் வெட்டிய பள்ளங்களிலும், சவுக்குத் தோப்புக்கு நீர் ஊற்றத் தோண்டிய குழிகளிலும் கண்டார்கள். கால்வாய் வரைபடத்தில் அந்தக் குழிகள் கிடையாது. வரைபடத்துக்கு வெளியே இருப்பதைப் பார்க்க வேறு கண்கள் வேண்டியிருந்தன.

இப்போது காவிரிக்கு வருவோம். ‘நிபுணர்களிடம் விடுங்கள்’ என்பவர்களுக்கு ஒரு செய்தி: விட்டுப் பார்த்தாயிற்று. 1972இல் மத்திய அரசு ஓர் உண்மை அறியும் குழுவை அமைத்தது. அந்தக் குழு பாசனப் பயன்பாட்டைக் கணக்கெடுத்து தமிழ்நாடு 489, கர்நாடகம் 177, கேரளம் 5 டிஎம்சி என்று சொன்னது. எண்கள் கைக்கு வந்தன, சண்டை தீரவில்லை. 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டுக்கு பிலிகுண்டுலுவில் வர வேண்டியது 177.25 டிஎம்சி என்று முடிவானது. நல்ல மழை பெய்யும் ஆண்டில் இந்த எண்ணே தேவைப்படாது, தண்ணீர் தானாக வந்துவிடும். மழை பொய்த்த ஆண்டில் என்ன செய்வது? குறைவை விகிதப்படி பகிர்ந்துகொள்ளுங்கள் என்பதோடு தீர்ப்பு நின்றுவிட்டது. எந்த விகிதம், எந்த மாதத்திலிருந்து, எந்தப் பயிரை முதலில் காப்பாற்றுவது என்பதற்கு இரண்டு மாநிலங்களும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இன்றுவரை இல்லை.

2023 செப்டம்பரில் இது கண்ணெதிரே நடந்தது. காவிரி மேலாண்மை ஆணையம் பதினைந்து நாளுக்கு விநாடிக்கு 5,000 கன அடி திறக்கச் சொன்னது. மண்டியா விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். டெல்டாவில் குறுவை காய்ந்துகொண்டிருந்தது. 26ஆம் தேதி பெங்களூரு பந்த், 29ஆம் தேதி கர்நாடக பந்த். காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள்தான். நீரளவை எவரும் மறுக்கவில்லை. ஒவ்வொரு மாநிலத்துப் பொறியாளரும் அந்த அளவை வைத்துக்கொண்டு தன் மாநிலத்துக்கு வேண்டிய முடிவை வாசித்தார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்காகத்தான் அவர்களை அனுப்புகிறார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிந்தபோது, பொறியாளர் தினத்துக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது. மாலையும் விழா உரையும் அந்த ஆண்டும் தவறியிருக்காது.

விஸ்வேஸ்வரையா பதவியை விட்டது எதனால் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அணைக்காக இல்லை. மைசூர் அரசு வேலைகளில் பிராமணர்களே நிறைந்திருந்த காலம். 1917இல் பிறந்த பிரஜா மித்ர மண்டலி, மற்றச் சமூகங்களுக்கும் இடம் வேண்டும் என்று மகாராஜாவிடம் மனு கொடுத்தது. 1918இல் மகாராஜா தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். திவானுக்கு இதில் உடன்பாடு இல்லை, தகுதியும் திறமையும் கெடும் என்பது அவர் கட்சி. அந்த ஆண்டின் கடைசியில் விலகினார். மில்லர் குழுவின் பரிந்துரை 1921இல் அரசாணையானது. ‘பொறியாளர் சமூகத்தின் சிக்கலைத் தீர்ப்பார்’ என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். யார் பொறியாளராக முடியும் என்பதே அன்றைய மைசூரின் முதல் சிக்கல். அதில் நாட்டின் தலைசிறந்த பொறியாளர் எதிர்த் தரப்பில் நின்றார். கட்டாயக் கல்வியும் பல்கலைக்கழகமும் கொண்டுவந்த அதே மனிதர்தான். அவருடைய கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. அவருடைய படிப்பு அந்தக் கேள்விக்கு விடை சொல்லித் தரும் படிப்பு இல்லை, அவ்வளவுதான். விடையைச் சொன்னவர்கள் மனு எழுதினவர்கள்.

இதைவிடக் கூர்மையான சாட்சி காவிரிக்கரையிலிருந்து கோலாருக்குப் போகிறது. 1902இல் சிவனசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் தொடங்கியது. அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். பெங்களூரு வீதிகளுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு 1905இல்தான். உண்மையிலேயே வியக்க வேண்டிய வேலை. பின்னாளில் சுரங்கம் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. பாறை வெடித்துச் சிதறும், அடியில் சூடு கொதிக்கும். அங்கே ஆளை இறக்கி, காற்று செலுத்தி, தாதுவை மேலே இழுத்தார்கள். இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித்துகள். நம் ஊர்க்காரர்கள்.

அதே தங்கவயலில், தொழிலாளர் குடியிருப்பில், 1980களிலும் உலர் கழிப்பறை இருந்தது. தண்ணீர் கிடையாது. மலம் விழுந்த இடத்தில் குவியும். விடிவதற்குள் ஒருவர் வந்து வாளியில் அள்ளி, தலையிலோ வண்டியிலோ ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அந்த ஒருவரின் சாதி முன்கூட்டியே முடிவானது. பெஜவாடா வில்சன் 1966இல் பிறந்தது அப்படி அள்ளிய ஒரு குடும்பத்தில். தன் பெற்றோரின் வேலை என்ன என்பதே சிறு வயதில் அவருக்கு மறைக்கப்பட்டிருந்தது. தெரிந்த பிறகு, 1986 முதல் அவர் கடிதம் எழுதினார், அதிகாரிகளுக்குப் புகார் அனுப்பினார், பத்திரிகைக்குப் போனார். அந்தக் கழிப்பறைகள் இருக்கின்றன என்று ஒப்புக்கொள்ள வைப்பதே முதல் போராட்டமாக இருந்தது. பிறகுதான் அவற்றை மாற்றினார்கள்.

மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு மனிதனை இறக்கி ஏற்றத் தெரிந்த பொறியியலுக்கு, தரைக்கு மேலே ஒரு கக்கூஸுக்குத் தண்ணீர்க் குழாய் போடத் தெரியாதா? எண்பது ஆண்டு அந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது. குழாய்க்கு அறிவு போதவில்லை என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். குழாய் போடாமல் இருந்ததற்குக் காரணம், குழாயைவிட மலிவாக ஒரு சாதி கிடைத்தது. அந்தக் காரணத்தை உடைக்க ஒரு பொறியாளர் போதாது. வில்சன் தேவைப்பட்டார், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 1993 சட்டமும் 2013 சட்டமும் தேவைப்பட்டன, சாக்கடை மரணத்துக்குப் பத்து லட்ச ரூபாய் இழப்பீடு என்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை முப்பது லட்சமாக உயர்த்திய 2023 தீர்ப்பும் தேவைப்பட்டன. கேரளத்து இளம் பொறியாளர்கள் 2018இல் சாக்கடைக் குழிக்குள் இறங்கும் ரோபோவைச் செய்தார்கள். நல்ல கருவி. அதற்குப் பிறகும் குழிக்குள் ஆள் இறங்குகிறான், சாகிறான். ரோபோவை வாங்கி நிறுத்தியிருக்கும் ஊரிலும் ஒப்பந்தக்காரருக்கு ஆள் மலிவு.

மைசூர் 2015, 2016 என்று அடுத்தடுத்த இரண்டு தூய்மைக் கணக்கெடுப்புகளில் நாட்டின் முதல் நகரமாக வந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். பரிசு வாங்கும்போது பேசப்பட்டது திட்டமும் தொழில்நுட்பமும். வீட்டு வாசலில் விசிலடித்து, ஈரக் குப்பையும் உலர்ந்த குப்பையும் கலந்து கொட்டிய அம்மாவிடம் தினமும் வாதாடியவர் பௌரகார்மிக எனப்படும் துப்புரவுப் பணியாளரான பெண். கும்பார கொப்பலில் குப்பையைப் பிரிக்கும் மையம் நடப்பது அவர்கள் கையால். வித்யாரண்யபுரம் பக்கத்துப் பழைய குப்பை மலையோ அந்தப் பரிசுகளுக்குப் பிறகும் நெடுங்காலம் கிடந்தது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் நாற்றத்தோடு மல்லுக்கட்டினார்கள்.

‘அப்படியானால் பொறியாளரே வேண்டாம் என்கிறீரா?’ என்று கேட்பீர்கள். அணையை நான் கட்ட முடியாது, வில்சனும் கட்ட முடியாது. பொறியாளர் மட்டும் செய்யக்கூடிய வேலை மலையளவு இருக்கிறது, அதில் யாரும் அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் மறுப்பது அவரை மீட்பராக்கும் கதையை. அந்தக் கதையால் அடிபடுகிறவர் முதலில் பொறியாளரேதான். 2002இல் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணிபுரிந்த சத்யேந்திர துபே, ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெயர் வெளியானது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐஐடி கான்பூரில் படித்தவர், மீட்பர் கதைக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் உள்ள பொறியாளர். தனியாக இருந்தார். மறுபக்கம், பீகாரில் 2024இல் பாலங்கள் வரிசையாக விழுந்தபோது பொறியாளர்களைப் பணியிடை நீக்கம் செய்து கணக்கை முடித்தார்கள். ஜெயித்தால் சிலை, விழுந்தால் பலிகடா. ஒப்பந்தக்காரரும் எம்.எல்.ஏ.வும் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ‘இந்தக் கலவை சரியில்லை, கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று ஓர் உதவிப் பொறியாளர் சொல்ல வேண்டுமென்றால், அவருக்குத் தேவைப்படுவது விஸ்வேஸ்வரையாவின் படம் இல்லை. இடமாற்றத்திலிருந்து காக்கும் விதி, பின்னால் நிற்கும் சங்கம், அறிக்கையைப் பொதுமக்கள் படிக்கும் வழி. மூன்றையும் தருவது விழா மேடைகளில் திட்டித் தீர்க்கிற அதே அரசியல்தான்.

நம் பக்கத்து வழக்கையும் சொல்லிவிடுகிறேன், கர்நாடகத்தைத் திட்டுவதோடு முடித்தால் சுலபம். முல்லைப்பெரியாறு அணை பலமாக இருக்கிறது என்று நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் சொன்னது. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தண்ணீர் தேக்க அனுமதித்தது. ‘நிபுணர்களே சொல்லிவிட்டார்கள், இன்னும் என்ன?’ என்று கேரளத்தைக் கேட்கிறோம். இடுக்கியில் மழை இரவில் தூக்கம் வராதவருக்கு அந்த அறிக்கை தூக்கம் தரவில்லை என்பதை நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. மேகேதாட்டுவில் 67 டிஎம்சி அணை, வெள்ள ஆண்டின் உபரியைத்தான் பிடிப்போம் என்று கர்நாடகப் பொறியாளர்கள் கணக்கோடு வந்தால், அந்தக் கணக்கை நாம் ஏற்பதில்லை. ஏற்காததற்குக் காரணம் கணக்கில் இல்லை. பொய்த்த ஆண்டில் மதகை யார் திறப்பார் என்ற பயம் அது. நியாயமான பயம். அதே வகைப் பயம் இடுக்கியிலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் ‘காவிரிக் குடும்பம்’ என்ற பெயரில் இரு மாநில விவசாயிகளும் கூடினார்கள். டெல்டாவிலிருந்து மன்னார்குடி ரங்கநாதன், மண்டியாப் பக்கமிருந்து புட்டண்ணய்யா. ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். இறுதிச் சூத்திரம் எதுவும் அவர்களிடமிருந்து வரவில்லை, அரசுகளும் அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. அந்தக் கூட்டத்தை மறுபடி கூட்டி, இரண்டு மாநில நீர்வளத் துறைப் பொறியாளர்களையும் அதில் உட்கார வைக்கலாம். மழை இருபது விழுக்காடு குறைந்தால் எந்த வாய்க்காலில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், நாற்பது குறைந்தால் எத்தனை என்று ஒரே அட்டவணையில் இரண்டு தலைமைப் பொறியாளர்களும் கையெழுத்திட்டு, ஜூன் மாதத்துக்கு முன் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட்டுக் கொடுக்கலாம். அட்டவணை போட அவர்களுக்குத் தெரியும். போடச் சொல்ல வேண்டியது பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற இரண்டு முதலமைச்சர்கள்.